விளக்கு அணைந்த பிறகு நிலவறையில் நடப்பது

நிலவறையில் விளக்கு போட்டுச் செடி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் விளக்கு எரியும் நேரத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். அறை சூடாகிறது, வெப்பமானி 30 டிகிரியைத் தாண்டுகிறது, உடனே பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனைத் தேடுகிறார்கள். அந்தச் சூடு கண்ணுக்குத் தெரியும் தொல்லை, சமாளித்துவிடலாம். செடியை அழுகவைக்கும் தொல்லை விளக்கு அணைந்த பிறகு சத்தமில்லாமல் வருகிறது. அது ஏன் என்று புரிய, விளக்குக்குள் போகும் மின்சாரம் என்னவாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

எல்.இ.டி. விளக்கு சூடாகாது என்று பலர் நம்புகிறார்கள். பழைய சோடியம் விளக்கோடு ஒப்பிட்டால், அதே அளவு வெளிச்சத்துக்கு அது குறைந்த மின்சாரம் எடுத்துக்கொள்கிறது என்பது மட்டுமே உண்மை. 500 வாட் எடுத்துக்கொள்ளும் எந்த விளக்கும் மூடிய அறைக்குள் கிட்டத்தட்ட 500 வாட் ஹீட்டர்தான். ஒளியாக வெளிவரும் பங்கும் இலையிலும் சுவரிலும் தரையிலும் பட்டு வெப்பமாகவே முடிகிறது. ஒளிச்சேர்க்கை சர்க்கரையாக மாற்றிச் சேமிப்பது அதில் மிகச் சிறிய பங்கு.

ஆனால் அந்த வெப்பம் முழுவதும் வெப்பமானியில் தெரியாது. வேர் உறிஞ்சும் நீரில் சுமார் 97 சதவீதத்துக்கு மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகிவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். 500 வாட் விளக்கு 16 மணி நேரம் எரிந்தால் 8 யூனிட். அந்த அறைச் செடிகள் நாளொன்றுக்கு 6 லிட்டர் நீரை ஆவியாக்கினால், அதில் பாதி, அதாவது 4 யூனிட், நீராவிக்குள் உள்ளுறை வெப்பமாக ஒளிந்துகொள்கிறது. நன்றாக வளர்ந்த செடிகள் நிறைந்த அறை, நாற்றுகள் மட்டும் இருக்கும் அறையைவிடக் குளிர்ச்சியாக இருப்பதன் காரணம் இதுதான். சூடு வெளியேறிவிடவில்லை. ஈரமாக உருமாறி அறைக்குள்ளேயே நிற்கிறது.

விளக்கு எரியும்போது கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 1,200 ஜூல் தேவை. வெளியிலிருந்து வரும் காற்றைவிட அறை 5 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், 500 வாட்டுக்கு மணிக்கு 300 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறையில் அது மணிக்குப் பத்து முறை காற்றை முழுதாக மாற்றுவதற்குச் சமம். வித்தியாசம் 2.5 டிகிரிதான் இருக்கலாம் என்றால் காற்றோட்டம் இரட்டிப்பாக வேண்டும். எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும், வெறும் காற்றோட்டத்தால் உள்ளே வரும் காற்றைவிட அறையைக் குளிர்விக்க முடியாது.

ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது எந்தத் தடையும் இல்லாத நிலையில் அளந்தது. கரி வடிகட்டி, சுருக்கங்கள் விழுந்த டக்ட் குழாய், இரண்டு வளைவுகள் சேர்ந்தாலே கணிசமாகக் குறைந்துவிடும். தேவைக்கு மேல் ஒரு அளவு பெரிய ஃபேனை வாங்கி மெதுவாக ஓட்டுவதே என் பரிந்துரை. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். அதற்குத் தேவையான சக்தியோ, ஃபேன் விதிப்படி, எட்டில் ஒரு பங்காகிவிடும். சத்தமும் அடங்கும்.

இப்போது விளக்கு அணைகிறது.

அணைவதற்கு முன் அறை 26 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 14.6 கிராம் நீராவி இருக்கிறது. நிலவறைச் சுவர்களுக்குப் பின்னால் இருப்பது மண், அதனால் அறை வேகமாக 18 டிகிரிக்கு இறங்குகிறது. 18 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 15.4 கிராம் நீராவிதான் இருக்க முடியும். ஒரு சொட்டு நீர்கூடப் புதிதாகச் சேராமலேயே ஈரப்பதம் 95 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. சுவர் 16 டிகிரியில் இருந்தால் அங்கே 13.6 கிராமுக்கு மேல் நிற்காது, மிச்சம் நீர்த்துளியாகச் சுவரில் படியும். டார்ச் அடித்துப் பார்த்தால், சுவரை ஒட்டி வைத்த அலமாரியின் பின்பக்கம்தான் முதலில் மினுமினுக்கும். அங்கே காற்று நகர்வதில்லை. அடர்ந்த இலைகளுக்கு நடுவிலும் இதே நிலைதான். போட்ரைடிஸ் என்ற சாம்பல் பூஞ்சைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. இலையில் நீர்ப்படலம் சில மணி நேரம் நீடித்தால் அதன் வித்துகள் முளைத்துவிடும்.

இந்த நேரத்தில்தான் பல அறைகளில் ஃபேனும் நின்றுபோகிறது, விளக்கும் ஃபேனும் ஒரே டைமரில் மாட்டப்பட்டிருப்பதால். இதை மாற்றுவதற்குச் செலவே இல்லை. ஃபேனைத் தனி இணைப்பில் போட்டு, விளக்கு அணைந்த பிறகும் குறைந்த வேகத்தில் ஓடவிட வேண்டும். விளக்குகளை ஒரேயடியாக அணைக்காமல் வரிசை வரிசையாக அணைத்தால் வெப்பநிலை படிப்படியாக இறங்கும், நீராவி வெளியேற நேரம் கிடைக்கும். கடைசி நீரூற்றலை அணைப்பதற்குச் சில மணி நேரம் முன்பே முடித்துவிடுவதும் உதவும்.

ஈரம் குறைந்தால் போதும் என்று அறையை வறட்டுவதும் தவறு. இலைக்குள் இருக்கும் ஆவி அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் ஆவி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நீரை மேலே இழுக்கிறது. வளரும் செடிகளுக்கு இது 0.8 முதல் 1.2 கிலோபாஸ்கல் வரை இருப்பது நல்லது என்பது வளர்ப்பவர்களின் பொதுவான அளவுகோல். 60 சதவீத ஈரப்பதம் 20 டிகிரியில் சுமார் 0.94 தரும். அதே 60 சதவீதம் 30 டிகிரியில் 1.7 ஆகி, செடி துளைகளை மூடிக்கொள்ளும். ஈரப்பதமானியின் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான். லெட்டூஸில் உள் இலைகளின் நுனி கருகுவதும் இதோடு தொடர்புடையது. கால்சியம் நீரோட்டத்தோடுதான் பயணிக்கிறது. காற்று அசையாத குருத்தில் நீராவிப்போக்கு இல்லை, எனவே கால்சியமும் போய்ச் சேர்வதில்லை. இலைகள் லேசாக நடுங்கும் அளவுக்கு ஒரு சிறிய ஃபேன் சுழன்றால் போதும்.

வெளிக்காற்றை எப்போதும் நல்ல காற்று என்று எண்ணிவிடவும் முடியாது. வெளியே 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்றில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 22 கிராம் நீராவி உண்டு. அதைக் குளிர்ந்த நிலவறைக்குள் இழுப்பது தண்ணீரை இழுத்து ஊற்றுவதுதான். அத்தகைய நாட்களில் காற்றோட்டத்தைக் குறைத்து, காற்றிலுள்ள ஈரத்தை நீராகப் பிடிக்கும் டீஹியூமிடிஃபையரை ஓட்ட வேண்டும். அது ஒவ்வொரு லிட்டர் நீரைப் பிடிக்கும்போதும் ஒளிந்திருந்த 0.68 யூனிட்டையும் தான் தின்ற மின்சாரத்தையும் வெப்பமாக அறைக்கே திருப்பித் தருகிறது. பகலில் அது சுமை. விளக்கு அணைந்த பிறகு குளிரும் அறைக்கோ அந்தச் சூடு மிகவும் தேவை.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. காற்றை வெளியே தள்ளும் ஃபேன் நிலவறையில் அழுத்தத்தைக் குறைக்கிறது. காற்று உள்ளே வரப் போதிய உள்வழி இல்லாவிட்டால், தரை விரிசல்கள் வழியே மண்ணிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு உள்ளே இழுக்கப்படும். புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் அது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அதற்கு ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற வரம்பளவைப் பரிந்துரைத்தது. அதே தளத்தில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால், அதன் புகையும் குழாய் வழியே மேலே போகாமல் அறைக்குள் திரும்பி வரலாம். ஃபேனை ஓடவிட்டு, மூடிய கதவின் அடி இடுக்கில் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். அது உள்நோக்கி வலுவாக இழுபட்டால் உள்வழி போதவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் மேலே ஒரு மூலையில் என்றால் உள்வழி அதற்கு எதிர்மூலையில், தரையை ஒட்டி, ஃபேன் வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.