டெபாசிட் போனாலும் கணக்கு போகாது

திருவல்லிக்கேணியில் உள்ள என் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வேட்பாளர்கள் தேர்தலுக்கு முன்னால் வருவது அபூர்வம். எல்லாம் முடிந்து பல மாதம் கழித்து, தேர்தல் செலவுக் கணக்கு கொடுக்கவில்லை என்ற நோட்டீஸோடு வருவார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் வடசென்னையில் சுயேச்சையாக நின்ற ஒருவரும் அப்படித்தான் வந்தார். மஞ்சள் பையிலிருந்து டீக்கடைச் சீட்டு, மைக் செட் ரசீது, ஆட்டோ வாடகை எழுதிய துண்டுத்தாள் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார். "டெபாசிட்டே போயிடுச்சு சார், இனிமே யாருக்குக் கணக்கு?" என்றார்.

இந்த ஒரு கேள்விதான் என் காதில் அடிக்கடி விழுகிறது. பெரிய கட்சி வேட்பாளருக்குக் கணக்கெழுத ஆள் இருக்கிறது. தெருப் பிரச்சினைக்காக நிற்கிற எளிய மனிதர்தான் இதில் மாட்டிக்கொள்கிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இன் 77-ஆம் பிரிவு சொல்வது இது: வேட்புமனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை, அந்த இரண்டு நாளும் சேர்த்து, செய்த செலவுக்கெல்லாம் தனிக் கணக்கு வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் அதைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது 78-ஆம் பிரிவு. சென்னை மாவட்டத்துக்கு மாநகராட்சி ஆணையர்தான் அந்த அலுவலர். வென்றவர், தோற்றவர், நூறு ஓட்டு வாங்கியவர் என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கவில்லை என்றாலும் அதையும் எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும்.

கொடுக்காவிட்டால் 10ஏ பிரிவின்படி மூன்று ஆண்டு தகுதி நீக்கம். 'அடுத்த தேர்தலுக்குத்தான் அஞ்சு வருஷம் இருக்கே' என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மூன்று ஆண்டு தேர்தல் நாளிலிருந்து ஓடுவதில்லை, தேர்தல் ஆணையம் உத்தரவு போடும் நாளிலிருந்துதான் ஓடுகிறது. நோட்டீஸ், விளக்கம், விசாரணை என்று இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்து உத்தரவு வந்தால், அடுத்த தேர்தல் சரியாக அந்தத் தடைக்குள் விழும். அதற்குள் நாடாளுமன்றத் தேர்தலோ இடைத்தேர்தலோ வந்தால் அதிலும் நிற்க முடியாது.

கணக்கு எழுதுவது கஷ்டமான வேலை இல்லை. மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்றே தனி வங்கிக் கணக்கு தொடங்கிவிடுங்கள். உங்கள் கைக்காசானாலும் நண்பர் தந்ததானாலும் அதில் போட்டு, அதிலிருந்தே எடுங்கள். ஒரே ஆளுக்கோ கடைக்கோ தேர்தல் முடியும்வரை மொத்தம் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. ஒரே பந்தல்காரருக்கு நாலு பில்லாகப் பிரித்துக் கொடுத்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். தேர்தல் அலுவலகத்தில் தரும் பதிவேட்டில் வெள்ளைப் பக்கம் அன்றாடக் கணக்குக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. பிரசார நாட்களில் குறைந்தது மூன்று முறை அதைப் பார்வைக்குக் காட்ட வேண்டும்.

விட்டுப்போவது பெரும்பாலும் காசு கொடுக்காமல் கிடைத்தவைதான். மச்சான் இலவசமாக விட்ட வேன், தெரிந்தவர் கொடுத்த மாடி, சொந்தக் கடையில் அடித்த நோட்டீஸ் எல்லாவற்றுக்கும் ஒரு மதிப்புப் போட்டு எழுத வேண்டும். மனு தாக்கலுக்கு முன்பே அடித்து வைத்த நோட்டீஸை அதற்குப் பிறகு விநியோகித்தால் அதுவும் கணக்கில் வரும். டீ முதல் நாற்காலி வாடகை வரை மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் கூட்டத்தை வீடியோ எடுத்து, அதைப் பார்த்து அந்த விலையைப் போட்டுத் தேர்தல் அதிகாரிகள் தனியாக ஒரு நிழல் பதிவேடு எழுதிவருகிறார்கள். உங்கள் கணக்கில் ஐம்பது நாற்காலியும் அதில் இருநூறும் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். 2011-இல் உத்தரப் பிரதேசத்தில், காசு கொடுத்துப் போட்ட பத்திரிகைச் செய்தியின் செலவை மறைத்ததற்காகப் பதவியில் இருந்த எம்.எல்.ஏ. ஒருவரையே ஆணையம் மூன்று ஆண்டு தகுதி நீக்கம் செய்தது.

2021-இல் சட்டமன்ற வேட்பாளருக்கு 30.80 லட்சம் ரூபாயாக இருந்த செலவு உச்சவரம்பு, 2022 ஜனவரியில் 40 லட்சமானது. கட்சி செய்யும் செலவுக்கோ வரம்பே இல்லை. நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவும் வேட்பாளர் தலையில் ஏறாது. அவரோடு நீங்கள் மேடையேறினாலோ உங்கள் படம் அங்கே இருந்தாலோதான் கூட்டச் செலவில் ஒரு பங்கு உங்கள் கணக்குக்கு வரும். கட்சிக்கும் ஒரு வரம்பு வைக்காதவரை இந்தச் சட்டம் எளியவரை மட்டுமே அழுத்தும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த வடசென்னைக்காரர் வந்தபோது நோட்டீஸ் கைக்குக் கிடைத்து 14 நாள் ஆகியிருந்தது. விளக்கம் கொடுக்க 20 நாள்தான் அவகாசம். மூன்று ராத்திரி உட்கார்ந்து தேதிவாரியாகக் கணக்கை எழுதினோம். பிரமாணப் பத்திரத்தோடு ஆணையத்துக்கு ஒன்று, மாவட்டத் தேர்தல் அலுவலருக்கு ஒன்று கொடுத்தோம். முத்திரை குத்திய ஒப்புகைச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து என்னிடம் ஒன்று வைத்துக்கொண்டேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை மே மாசமே வாங்கியிருக்கலாம் இல்ல சார்" என்றார்.