மழையா, மருந்தா?

அக்னி நட்சத்திரம் முடியும் நேரம். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் ஒருவர் வந்து, மேசைமேல் ஒரு பாக்கெட்டை வைத்தார். அமுக்கரா (அஸ்வகந்தா), நெல்லி, துளசி ஆகியவற்றின் சாற்றுப் பொடி. கோழி வெயிலைத் தாங்குவதற்காம்.

"நாலு நாள் தீவனத்துல கலந்து போட்டேனுங்க சார். ஓடு கட்டாத தோல்முட்டை குறைஞ்சிருச்சு, கோழியும் இரைக்கிறதில்லீங்க."

"எந்த ஷெட்டுக்குப் போட்டீங்க?"

"எல்லா ஷெட்டுக்குமே போட்டனுங்க."

அந்த நாலு நாளில் இரண்டு நாள் நல்ல மழை.

மூலிகையைத் தேடியதில் தப்பில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடல் சூடே 41 டிகிரி செல்சியஸ் இருக்கும். வெயில் ஏறினால் வாயைத் திறந்து இரைக்கும். இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து காரத்தன்மை கூடும், முட்டை ஓடு சரியாகக் கட்டாது. வைட்டமின் சி-யைக் கோழி தன் சிறுநீரகத்திலேயே செய்துகொள்ளும் என்றாலும், கடும் வெயிலில் அது பத்தாது. அதனால் நெல்லிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. (ஷெட்டைக் குளிர்விக்கப் பனிபோல் தண்ணீர் தூவும் ஃபாகரை நிறுத்திவிட்டுப் பொடியை நம்பினால் அது வேறு கதை.)

சரி, பலன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஷெட்டுக்கு ஷெட் காற்றோட்டம் மாறும். எனவே ஒரே ஷெட்டில், ஒரே வயதுக் கோழிகளில், ஒரு வரிசைக் கூண்டுக்குப் பொடி கலந்த தீவனம், அடுத்த வரிசைக்குச் சாதாரணத் தீவனம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். மழை பெய்தால் இரண்டுக்கும்தானே பெய்யும்!

அப்புறம் ரத்தம். கோழியைப் பிடித்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால், நம்மைக் கண்ட பயத்திலேயே அழுத்த (ஸ்ட்ரெஸ்) ஹார்மோன் ஏறிவிடும். வெள்ளணுக்கள் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதனால் எனக்குப் பிடித்தது வெள்ளணுக் கணக்கு. இறக்கை ரத்தக்குழாயில் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் இழுத்து, வெள்ளணுக்களில் ஹெட்டரோஃபில் என்ற வகை எத்தனை, லிம்ஃபோசைட் என்ற வகை எத்தனை என்று எண்ணி, முன்னதைப் பின்னதால் வகுப்பது. 1983-இல் கிராஸ், சீகல் இருவரும் சொன்ன விகிதம் இது: 0.2 என்றால் அழுத்தம் குறைவு, 0.5 நடுத்தரம், 0.8 அதிகம். ஒரு கோழிக்கு நூறு அணுக்களை எண்ணி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். அமுக்கராவின் வேரா, இலையா? அதன் மருந்துச் சத்தான வித்தனோலைடு எத்தனை சதவீதம்? எதுவும் போடவில்லை. அடுத்த பாக்கெட்டிலும் இதே சரக்குதான் இருக்கும் என்று எதை வைத்து நம்புவது?

அவர் ஒத்துக்கொண்டு, பொடி போடும் வரிசைகளுக்குச் சிவப்புத் துணி கட்டினார். மூன்றாம் நாள் போன் வந்தது. மற்ற வரிசைக் கோழிகள் இரைப்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, தீவனம் போடும் அம்மா அவற்றுக்கும் பொடி கலந்துவிட்டாராம்.