கடைமடைக்கு என்ன நிறம் அடிப்பது?

நாகை மாவட்டம் தலைஞாயிறு பக்கம், காவிரி டெல்டாவில் வாய்க்கால் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடையில் ஒரு கிராமம். சமுதாயக் கூடத்துத் தரையில் வரைபடத்தை விரித்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பருவநிலை மாற்றத்தால் எந்த ஊர் விவசாயம் எவ்வளவு அடிபடும் என்று நிறத்தில் காட்ட எங்கள் குழு தயாரித்த வரைபடம் அது. ஆபத்து அதிகமென்றால் சிவப்பு, குறைவென்றால் பச்சை. பெரியவர் ஒருவர் குனிந்து தன் ஊரைத் தேடிப் பிடித்தார்.

"ஏன் தம்பி, எங்க ஊரு பச்சையா இருக்கு?"

"அநேகமா எல்லா நிலமும் ஆத்துப் பாசனம்னு கணக்கு இருக்குங்கய்யா."

"கணக்குல பாயுது. மேல உள்ளவன்லாம் நடவு முடிச்சப்புறம்தான் எங்க வாய்க்கால்ல தண்ணி தலைகாட்டும். அப்பறம் தெளிச்சா, பயிர் சாண் உயரம் இருக்கறப்பவே ஐப்பசி மழை வந்து முழுகடிச்சிடும்."

தப்பு எங்கள் மேல்தான். இந்த மதிப்பீட்டில் பார்ப்பது மூன்று: வானிலை எவ்வளவு மாறுகிறது, அந்த மாற்றம் பயிரை எவ்வளவு தாக்கும், தாக்கினால் எழுந்திருக்க ஊருக்கு எவ்வளவு தெம்பு. ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2007 அறிக்கை இப்படித்தான் பிரித்தது. 2014 அறிக்கை இதையே இடர்க் கணக்காகக் கொஞ்சம் மாற்றி அடுக்கியது. மூன்றில் ஒவ்வொன்றுக்கும் சில குறியீடுகளை, அதாவது பாசனப் பரப்பு, மழை போன்ற அளவுகளை, தேர்ந்தெடுத்து, எல்லாவற்றையும் 0-க்கும் 1-க்கும் இடையே கொண்டுவந்து, முக்கியத்துவத்துக்கு ஏற்ப எடை கொடுத்துக் கூட்டுவோம். ஐதராபாத்தில் உள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான கிரிடா இந்தியாவின் கிராமப்புற மாவட்டங்கள் அனைத்துக்கும் இப்படிக் கணக்கிட்டு, 2019-ல் 310 மாவட்டங்களை அதிக அல்லது மிக அதிக ஆபத்துள்ளவை என்று அடையாளம் காட்டியது. எந்த மாவட்டத்துக்கு முதலில் நிதி ஒதுக்குவது என்று முடிவு செய்ய அது போதும். ஒரு வாய்க்காலின் தலைமடைக்கும் கடைமடைக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியாது.

பாசனப் பரப்பு கூடினால் தெம்பு கூடும் என்பது வழக்கமான குறியீடு. மானாவாரி மாவட்டத்தில் சரி. டெல்டாவின் கடைசியில் அது தலைகீழாகப் போகிறது.

மழைக் குறியீடும் இப்படித்தான். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. எந்த வரைபடமும் அதைப் பிடித்துவிடும். 2021 ஜனவரி வேறு கதை. அறுவடைக்கு நின்ற சம்பாவில் மழை விடாமல் கொட்டி, சாய்ந்த கதிர் வயலிலேயே முளைவிட்டது. வானிலைத் துறைக் கணக்கில் வடகிழக்குப் பருவம் டிசம்பரோடு முடிகிறது. அக்டோபர்–டிசம்பர் மழையை மட்டும் எடுத்தால் அந்த ஜனவரி கணக்கிலேயே வராது. ஆண்டு மொத்தத்தை எடுத்தால் 'நல்ல மழை' என்று வரும். எது மோசம் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

கூட்டம் முடிந்து வடிகால் பக்கம் போனோம். நெய்வேலிக் காட்டாமணக்கு ஆளுயரத்துக்கு மண்டி, தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. அதை ஒட்டிய வயலில் மண் எடுத்துச் சோதித்தோம். மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் சரியத் தொடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் ஏறத்தாழ 12 விழுக்காடு போகும். அந்த வயல் தாண்டியிருந்தது. நான்கு வயல் தள்ளி மேட்டில் எடுத்த மண்ணில் பிரச்சினையே இல்லை. இரண்டும் ஒரே வருவாய்க் கிராமம், வரைபடத்தில் ஒரே நிறம். மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகத்தை இங்கே பரிந்துரைப்பது எளிது. ஆனால் அந்தக் குணம் வெள்ளத்துக்கானது, உப்புக்கானதல்ல. இரண்டும் சேர்ந்து வரும் வயலுக்கு விதையோடு வடிகாலும் வேண்டும்.

குத்தகை இன்னொரு ஓட்டை. வாய்மொழிக் குத்தகையில் உழுகிறவர் பெயர் பெரும்பாலும் கிராமச் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் இருக்காது. அதனால் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் அலைகிறார். எங்கள் அட்டவணையிலோ அந்த ஊருக்கு வங்கி வசதி உண்டு என்று மதிப்பெண் விழுந்திருக்கும்.

நெல்லை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 2018 நவம்பர் கஜா புயலும் சரியாக விளங்காது. விழுந்த நெல்லுக்கு அடுத்த போகம் உண்டு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சாய்ந்த தென்னைக்குப் பதில் கன்று வைத்தால் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும்.

பாசனப் பரப்பை எடுத்துவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வந்த தேதியையும் வயலில் வெள்ளம் நின்ற நாட்களையும் குறியீடாக வைக்கலாம் என்று முடிவு செய்தோம். தரவுக்கு எங்கே போவது? பெரியவர் வீட்டுக்குப் போய் ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். கூலிக் கணக்கு, உரக் கணக்கு, இடையிடையே பென்சிலில் "தண்ணி வந்தது", "மழை நின்றது", "வடிந்தது" என்று தேதியோடு. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டோம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ஊரில் யாராவது வரைபடத்தோடு வந்தால், நிறத்தைப் பார்ப்பதற்கு முன் எந்தெந்தக் குறியீட்டை வைத்து அந்த நிறம் வந்தது என்று கேளுங்கள். எங்கள் வரைபடத்தில் அந்த ஊர் இப்போது பச்சையில் இல்லை. போனில் சொன்னபோது பெரியவர், "சரி தம்பி, காட்டாமணக்கு எப்ப வெட்டுவாங்க?" என்றார். நீர்வளத் துறைக்கு அனுப்பிய அறிக்கையில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேர்த்திருக்கிறோம்.