ஏழா, எட்டா? வீட்டுப்பாடத்தில் வரும் எண் கோலம்

வெள்ளவத்தையில் என்னிடம் கணிதம் படிக்க வரும் தரம் 4 மாணவன் ஒருவனின் கொப்பியில் 1, 2, 4, ___ என்றொரு எண் கோலக் கேள்வி இருந்தது; ஒரு விதிப்படி போகும் எண்களில் அடுத்ததை எழுதவேண்டும். பிள்ளை 7 என்று எழுதியிருக்கிறான். அம்மா அதை அழித்துவிட்டு 8 என்று எழுத வைத்திருக்கிறார்.

"இரண்டால பெருக்கிக்கொண்டு போகுதுதானே ரீச்சர்?" என்று கேட்டார் அம்மா.

"தம்பி, நீங்கள் ஏன் 7 போட்டீங்கள்?" என்று அவனிடம் கேட்டேன்.

"முதல் ஒன்று கூடிச்சு, பிறகு இரண்டு கூடிச்சு. இனி மூன்றுதானே கூடவேணும்?"

இரண்டு விடையும் சரி. மூன்று எண்களை மட்டும் வைத்து ஒரே கோலம்தான் என்று சொல்ல முடியாது. நாலாவது எண்ணையும் தந்திருந்தால்தான் இந்த இரண்டில் எது என்று தெரியும். எனக்கு மனம் வருந்தியது அழிபட்ட 7-க்காக. தானாக யோசித்துக் கண்டுபிடித்த ஒரு விதி, யாரும் கேட்காமலே போய்விட்டது.

அதனால் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது: விடை சரியோ பிழையோ, "எப்படிக் கண்டுபிடிச்சாய்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை அழிறப்பரைத் தொடாதீர்கள்.

அடுத்த சிக்கல் கொஞ்சம் பெரியது. 4, 7, 10, 13 என்றால் மும்மூன்றாகக் கூடுகிறது என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஐந்தாவது 16. பத்தாவது? "16-இன் இரண்டு மடங்கு, 32" என்பார்கள். இதே பிழையை வருடாவருடம் பார்க்கிறேன். அன்று இவனும் அதைத்தான் சொன்னான்.

நெருப்புக்குச்சிகளை மேசையில் கொட்டினேன். ஒரு சதுரத்துக்கு 4 குச்சி. பக்கத்தில் ஒட்டி இன்னொன்று வைக்க 3 போதும், ஒரு சுவர் ஏற்கெனவே இருக்கிறதே. ஐந்து சதுரம் கொண்ட வரிசைகள் இரண்டை அவனே அடுக்கி, ஒன்றோடொன்று தள்ளிச் சேர்த்தான். சேர்ந்த இடத்தில் இரண்டு குச்சிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றை எடுத்து என் கையில் தந்தான். "31 ரீச்சர்."

அப்புறம் ஒவ்வொரு எண்ணின் கீழும் அது எத்தனையாவது என்று எழுதச் சொன்னேன்: 4-இன் கீழ் 1, 7-இன் கீழ் 2, 10-இன் கீழ் 3. அடுத்த எண்ணை மட்டும் தேடிக்கொண்டிருந்த கண் இப்போது மேலும் கீழும் பார்க்கத் தொடங்கியது. "ஒவ்வொரு சதுரத்துக்கும் மூன்று, முதல் சுவருக்கு ஒன்று" என்றான். நூறு சதுரத்துக்கு 301 என்று குச்சி இல்லாமலே சொன்னான். பின்னாளில் அட்சரகணிதத்தில் 3n + 1 என்று படிக்கப்போவதும் இதுதான்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்காகக் கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகச் செய்விக்கிறோம். பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஐம்பது கோடிட்ட இடங்களை நிரப்புவதைவிட, ஒரு கோலத்தைக் கையால் அடுக்கிப் பார்ப்பது நாலு மடங்கு பயன் என்பது என் அனுபவம். இரண்டு இரண்டாக, ஐந்து ஐந்தாக எண்ணவே பிள்ளை தடுமாறினால் எண் கோலத்தைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். சில்லறைக் காசை எண்ணவிட்டு அதை முதலில் பழக்குங்கள்.

வாசலில் போடும் புள்ளிக் கோலமும் உதவும். 1, 3, 5, 7, பிறகு 5, 3, 1 என்று புள்ளி வைத்து, மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். 7 வரைக்கும் உள்ளவை 16, அதாவது நாலு நாலு. மிச்சம் 9, மூன்று மூன்று. போன கிழமை அந்த அம்மா சொன்னார், நடு வரிசையில் 9 புள்ளி வைத்தால் எத்தனை வரும் என்று மகன் அவரிடம் கேட்டானாம். இருவரும் மா எடுத்துக்கொண்டு வாசலில் இருந்து எண்ணிப் பார்த்தார்களாம்.