ஈஸ்ட்ரோஜன்: பெயரில் இல்லாத ‘பெண்’

டெஸ்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை மருந்தாக ஏற்றும் சிகிச்சையில் இருக்கும் ஆண்கள் பலரைத் திடுக்கிட வைப்பது இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வரும் ‘எஸ்ட்ரடையால்’ என்ற ஒரு வரி. அது ஈஸ்ட்ரோஜன் வகைகளில் ஒன்று. ‘பெண் ஹார்மோன்’ என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வரும். அதை அடியோடு ஒழிக்க மாத்திரை உண்டா என்பதுதான் அடுத்த கேள்வி. இந்தப் பதற்றத்தில் பாதி அந்தப் பெயரால் வந்தது.

ஈஸ்ட்ரோஜனின் வேர் ‘ஓய்ஸ்ட்ரோஸ்’ என்ற கிரேக்கச் சொல். மாட்டைக் கடித்துத் துரத்தும் ஈ என்று பொருள். கடிபட்ட மாடு தறிகெட்டு ஓடுமல்லவா, அதனால் வெறி, அடங்காத வேட்கை என்றும் பொருள் விரிந்தது. கிரேக்கப் புராணத்தில் பசுவாக மாற்றப்பட்ட அயோ என்ற பெண்ணை நாடு நாடாக ஓடவிட்டதும் இந்த ஈதான். பெண் விலங்குகள் இணை தேடும் காலத்துக்கு இந்தச் சொல்லின் லத்தீன் வடிவமான ‘ஈஸ்ட்ரஸ்’ என்பதை 1900-இல் பெயராக்கினார் விலங்கியலாளர் வால்டர் ஹீப். மாடு ‘பருவத்துக்கு வந்திருக்கிறது’ என்கிறோமே, அதே காலம். ‘ஜென்’ என்றால் உண்டாக்குவது. ஆக, நேர்ப்பொருள் வேட்கையை உண்டாக்குவது. ‘பெண்’ என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 1934-இல் மருத்துவ ஆய்வாளர் பெர்ன்ஹார்ட் சோண்டெக் இந்த ஹார்மோனை ஆண் குதிரையின் சிறுநீரில் ஏராளமாகக் கண்டபோதே அந்த ஒட்டு கழன்றிருக்க வேண்டும்.

ஆணுடலில் இது வருவது டெஸ்டோஸ்டீரோனிலிருந்தே. கொழுப்புத் திசு, மூளை, எலும்பு, விரை ஆகியவற்றில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி, டெஸ்டோஸ்டீரோனில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பங்கை எஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது. (இந்தப் பெயரைப் பார்த்து ‘நறுமண நொதி’ என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம். மூலக்கூறின் ஒரு வளையத்தை இது பென்சீன் போன்ற அரோமேட்டிக் வளையமாக்குகிறது, அவ்வளவுதான். மணம் ஏதும் கிடையாது. ‘ஈஸ்ட்ரோஜனாக்கும் நொதி’ என்றால் வேலை விளங்கும்.)

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (செல்லில் அந்த ஹார்மோன் பொருந்தி வேலையைத் தொடங்கும் புரதம்) வேலை செய்யாத ஓர் ஆணைப் பற்றி 1994-இல் மருத்துவ இதழில் அறிக்கை வெளிவந்தது. டெஸ்டோஸ்டீரோன் இயல்பாகவே இருந்தும், வயது வந்த பிறகும் எலும்பு முனைகள் மூடாமல் அவர் வளர்ந்துகொண்டே இருந்தார். எலும்போ நலிந்திருந்தது. 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வில், டெஸ்டோஸ்டீரோன் கொடுத்து அரோமடேஸை மட்டும் தடுத்த ஆண்களுக்கு உடல் கொழுப்பு கூடியது, காம விருப்பம் குறைந்தது. வேட்கை என்ற பழைய கிரேக்கப் பொருள் ஆணுக்கும் பொருந்திப்போகிறது!

அதனால் சிகிச்சையில் இலக்கு பூஜ்ஜியம் அல்ல. வளர்ந்த ஆணுக்கு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 முதல் 40 பிகோகிராம் எஸ்ட்ரடையால் இருப்பது இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். இவ்வளவு சிறிய அளவைச் சாதாரண எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) முறைச் சோதனை சில நேரம் தவறாகக் காட்டும். மூலக்கூறின் நிறையைக் கொண்டு அளக்கும் நிறைநிறமாலை முறை நம்பகமானது. எண் சற்று கூடியிருந்தாலும் தொந்தரவு இல்லையென்றால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. மார்பு வீக்கம், வலி வந்தால் மருத்துவர் முதலில் பார்ப்பது டெஸ்டோஸ்டீரோன் அளவை. நாள் தள்ளிப் போடும் பெரிய ஊசி அந்த அளவின் உச்சத்தை உயர்த்தும். அதையே பிரித்து அடிக்கடி போட்டால் ஏற்ற இறக்கம் தணியும். கொழுப்பு குறைந்தால் நொதியும் குறையும். அனஸ்ட்ரசோல் போன்ற தடுப்பு மருந்து அதற்குப் பிறகுதான். இந்த மருந்து அளவு மீறினால் மூட்டுவலி, எலும்புத் தேய்வு, விருப்பமின்மை. எதை ஒழிக்க விழுங்கினாரோ, அதன் அருமை அப்போது தெரியும்.

இனி தமிழ்ச்சொல். ஹார்மோனுக்கு ‘இயக்குநீர்’ நன்றாக நிலைத்துவிட்டது. ஈஸ்ட்ரோஜனுக்குப் ‘பெண்மை இயக்குநீர்’ என்று எழுதுவோர் உண்டு. பெண்ணின் பூப்பையும் மாதச் சுழற்சியையும் பற்றிப் பேசும் இடத்தில் அது உறுத்தாது. ஆணின் சிகிச்சை பற்றிய கட்டுரையில் அதே சொல் நோயாளியைத் தவறான மாத்திரைப் பக்கம் தள்ளும். வேரைப் பின்பற்றினால் ‘வேட்கையூக்கி’ என்று ஆக்கலாம். எலும்பு வேலை அதில் அடங்காது என்றாலும், பாலினத்தைச் சுட்டாதது அதன் பலம். என் பரிந்துரை: மருத்துவரிடமும் அறிக்கையிலும் ‘ஈஸ்ட்ரோஜன்’ என்றே இருக்கட்டும், விளக்கம் எழுதும்போது ஒருமுறை ‘வேட்கையூக்கி’ என்று சேர்க்கலாம்.