காணி விடுபட்டாச்சு, பத்திரம் எப்ப வரும்?

"பிள்ளை, கச்சேரியில இருந்து எங்கட காணிக்குப் பத்திரம் எப்ப வரும்?"

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் இராணுவம் முட்கம்பியைப் பின்னுக்கு நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் என் மேசைக்கு முதலில் வரும் கேள்வி இது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில் இருந்து, அப்படியொரு பத்திரம் வராது. வரவும் தேவையில்லை.

1990 யூனில் யுத்தத்தால் சனம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்ட பிறகு, உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் பூட்டிக் கிடந்த காணிகளில் பெரும்பகுதி தனியாரின் உறுதிக் காணிகள் (நொத்தாரிசு முடித்த உரித்துப் பத்திரம் உள்ளவை). 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரை எடுக்கப்போவதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. பலர் அன்றோடு காணி போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள். அது 1950 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு அறிவித்தல். காணி பொருத்தமானதா என்று பார்க்கும் ஆரம்பக் கட்டம் அது. 38 ஆம் பிரிவின் கீழ் கட்டளை வர்த்தமானியில் வந்தால்தான் காணி அரசுடைமை ஆகும். அப்படி வராத காணியில் இராணுவம் எத்தனை வருடம் இருந்தாலும் உரித்து உங்கள் வீட்டாரிடமேதான் இருந்தது. இப்போது அவர்கள் எழும்பிப் போகிறார்கள், அவ்வளவுதான். புதிதாக எதையும் உங்களுக்கு எழுதித் தரவில்லை.

ஆகவே உங்கள் காணிக்கு 38 ஆம் பிரிவுக் கட்டளை வந்ததா என்பதை முதலில் பிரதேச செயலகத்தில் கேட்டுத் தெளியுங்கள். வந்திருந்தால் கதை வேறு. அரசுடைமையான காணியைத் திருப்பிக் கொடுக்க 39அ பிரிவு இடம் தருகிறது. ஆனால் நட்டஈடு கொடுத்திருக்கக் கூடாது, பொதுத் தேவைக்குப் பயன்படுத்தியிருக்கக் கூடாது, காணியில் மேம்பாடு எதுவும் செய்திருக்கக் கூடாது, உரியவர்கள் உடனே பொறுப்பேற்க எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பலாலி விமானத் தளத்தை ஒட்டிய காணிக்காரர் இதை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

"உறுதி இடம்பெயர்வில துலைஞ்சு போச்சு" என்பது அடுத்தது. உறுதி தொலைவதால் உரித்துத் தொலையாது. நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று அவரிடம், இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு. பதிவகப் பிரதியில் சான்றுபடுத்திய நகல் எடுக்கலாம். உறுதி இலக்கமும் ஞாபகமில்லை, நொத்தாரிசும் செத்துப் போனார் என்றால், அயல் காணிக்காரரின் உறுதியைக் கேட்டு வாங்குங்கள். எங்கள் பக்கத்தில் அடுத்தடுத்த துண்டுகள் பலவும் ஒரே தாய்க்காணியில் இருந்து பிரிந்தவை. அவருடைய பதிவு இலக்கத்தைப் பிடித்துத் தோம்பில் (பதிவகத்தின் காணிப் பதிவேட்டில்) பின்னோக்கிப் போனால் உங்கள் பாட்டன் பெயர் வந்து நிற்கும். இந்த வழியில் கண்டுபிடித்த உறுதிகள் நிறைய.

காகிதம் கிடைத்தபின் தொடங்குவதுதான் உண்மையான தலையிடி: எல்லை. ஒரு பழைய உறுதியை விரித்தால், "பரப்பு நான்கு, குழி ஆறு, கிழக்கு ஒழுங்கை, வடக்கு அயலவரும் பங்காளரும், இதனுள் கல்வீடு, கிணறு, வான்பயிர்" என்று இருக்கும் (பரப்பும் குழியும் நில அளவுகள், வான்பயிர் நிற்கும் மரங்கள்). நேரில் போனால் ஒழுங்கை இல்லை. கிளுவை வேலி, பூவரசு, பனை எதுவும் இல்லை. வீட்டை இடித்த கல் எங்கோ மண் அணையாகக் கிடக்கிறது. கிணறு தூர்ந்திருக்கும், அல்லது பற்றைக்குள் வாய் திறந்தபடி இருக்கும் (பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காணி பார்க்கப் போகாதீர்கள்). நில அளவையாளருக்குப் பிடிமானமாக இருப்பவை கோயில், தேவாலயம், றயில் பாதை, மதகு, தப்பிய கிணற்றுக் கட்டு போன்றவைதான். ஆகவே தனியே உங்கள் நாலு பரப்பை மட்டும் அளக்க ஆளைக் கூட்டி வராதீர்கள். ஒழுங்கைக்காரர் எல்லோருமாகச் சேர்ந்து, பழைய அளவைப் படங்களோடு, மொத்தத் துண்டையும் ஒரே தடவையில் அளப்பியுங்கள். செலவும் குறையும், சண்டையும் குறையும். ஒழுங்கை எங்கே போனது என்று தெரிந்த வயது போன ஒருவரை உயிரோடு இருக்கும்போதே கூட்டிப் போய்க் காட்டச் சொல்லுங்கள். முதல் ஆளாக ஓடிப்போய்த் தகரம் அடித்தவர் அரையடி தள்ளி அடித்தால், அடுத்த எட்டு வீட்டுக்கும் எல்லை பிசகும். அந்த வழக்குகளைப் பேரப்பிள்ளைகளும் பேசுவார்கள்.

கண்ணிவெடி பற்றி ஒரு சொல். இராணுவம் விட்டுப்போவதும் வெடிபொருள் அகற்றி முடிவதும் ஒன்றல்ல. உங்கள் துண்டு துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அகற்றும் வேலைக்கு ஓர் ஆழ வரம்பு உண்டு. கிணறும் அத்திவாரமும் அதைவிடக் கீழே போகும். பழைய முன்னரங்கம், மண் அணை, பதுங்குகுழி இருந்த இடத்தில் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறக்குமுன் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பற்றையைக் கொளுத்துவது வேண்டவே வேண்டாம். எதையாவது கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் போனதில் காணிக்காரர் பலர் முகாமிலும் வாடகை வீட்டிலும் கண் மூடிவிட்டார்கள். ஒரு பெயரில் இருந்த ஆறு பரப்பு இப்போது கனடா, பிரான்ஸ், கொழும்பு, சுன்னாகம் என்று பதினொரு பேருக்கு. காணாமற்போனவர் ஒருவரும் அதில் இருப்பார். அவருக்குக் காணாமற்போனமைச் சான்றிதழ் எடுக்கச் சட்டத்தில் வழி உண்டு, மரணச் சான்றிதழ்தான் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பிறநாட்டுக் குடியுரிமை எடுத்த பிள்ளைக்குப் பங்கு இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அது பிழை. வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், உரிமைவழி வாரிசுக்கு முதுசமாகப் போவதைத் தடுக்கவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டால் பங்கீட்டு உறுதி எழுதி முடிக்கலாம். ஒருவர் முறுகினால் பங்கீட்டு வழக்குத்தான். அதன் கால அளவை நான் இங்கே சொல்லிப் பயப்படுத்தவில்லை.

விடுவிப்புச் செய்தி வந்த கிழமையே தரகர்கள் வெளிநாட்டுக்குப் போன் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். "காணி இப்ப காடு, கிடைக்கிற விலைக்குத் தாங்கோ" என்பார்கள். அளவைப் படம் இல்லாமல், பங்காளிகளுக்குத் தெரியாமல் விற்காதீர்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் இணைப் பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு; அவருக்கு அறிவிக்காமல் பிறத்தியாருக்கு விற்றால் வாங்கியவரும் கோட்டுக்கு அலைய நேரும்.

விற்கவும் இல்லை, வரவும் இல்லை என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: வேறொருவர் உங்கள் காணியில் எதிராட்சியாக (உங்கள் உரித்தை ஏற்காமல், தன் காணி போல) பத்து வருடம் இருந்தால் ஆட்சியுரிமை கேட்கலாம் என்பது 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அந்தப் பத்து வருடத்தில் யுத்தகாலத்தைக் கழிக்க 2016 இல் வந்த விசேட சட்டத்தின் அவகாசம் இரண்டே வருடம், அது முடிந்தாயிற்று. நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்து, தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி, இங்கே பதிந்து, வேலியைப் போட்டு, வருடத்துக்கு ஒரு தடவை பற்றை வெட்டிய பற்றுச்சீட்டையாவது வைத்திருக்கச் சொல்லுங்கள். தத்துவத்தைக் கொடுத்தவர் இறந்தால் அதுவும் அத்தோடு முடியும், பிள்ளைகள் புதிதாக எழுத வேண்டும்.