சைபர்

வன்னியில் கணக்குப் பாடத்தில் ஒன்றுமே எடுக்காதவனை "சைபர் எடுத்தவன்" என்பார்கள். வவுனியாக்காரர் வீட்டுத் தொலைபேசி இலக்கம் சொன்னால் "சைபர் இரண்டு நாலு" என்று தொடங்குவார். பாடப்புத்தகம் பூச்சியம் என்று எழுதினாலும் வாயில் வருவது சைபர்தான். ஆங்கிலத்தில் இரகசிய எழுத்துக்கும் அதே பெயர். கிளிநொச்சியில் உயர்தரம் படிக்கிற பிள்ளை பைதன் என்ற கணினி மொழியில் "சீசர் சைபர்" என்ற இரகசிய எழுத்துமுறையை எழுதும்போது, இந்தப் பூச்சியம் எங்கே வந்தது என்று கேட்டால் அது நல்ல கேள்வி.

வடமொழியில் சூனியம் என்றால் வெறுமை. நம் எண்முறை அரபு நாடுகளுக்குப் போனபோது, வெறுமையைக் குறிக்கும் தங்கள் சொல்லான 'சிஃப்ர்' என்பதையே அவர்கள் அதற்கு வைத்தார்கள். அது இலத்தீனில் 'சிஃப்ரா' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் சைபர் ஆனது. 1202இல் இத்தாலியக் கணிதர் பிபொனாச்சி அதையே 'செஃபிரும்' என்று எழுதினார். 'சீரோ' அந்தக் கிளையில் வந்தது. சைபர் முதலில் பூச்சியம், அப்புறம் எந்த இலக்கமும். எழுத்துக்குப் பதில் இலக்கம் வைத்து இரகசியக் கடிதம் எழுதும் வழக்கத்தால், கடைசியில் இரகசிய எழுத்துக்கும் அதுவே பெயராயிற்று. (நம்மூரில் சூனியம் செய்வினைக்காரர் பக்கம் போய்விட்டது. அது வேறு கதை.)

'சைபர் குற்றம்' என்பதில் உள்ள சைபருக்கும் இதற்கும் உறவே இல்லை. அது சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 1948இல் அமெரிக்கக் கணிதர் நோபர்ட் வீனர் பரப்பிய 'சைபர்நெட்டிக்ஸ்' வழியாக வந்தது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவதாலேயே நமக்குத் தனிச்சொல் தேவைப்படுகிறது.

இரகசிய எழுத்துக்கு மறையெழுத்து என்பது என் தெரிவு. அப்படி மாற்றுவது மறையாக்கம், திரும்ப எடுப்பது மறைநீக்கம். சிலர் இதற்குக் குறியாக்கம் என்று எழுதுகிறார்கள்; எனக்கு உடன்பாடில்லை. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் வைக்கும் ஒருங்குறியும் (யூனிகோட்) குறியாக்கம்தான், அதில் இரகசியம் ஏது? ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் குழூஉக்குறியும் வேறு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை நன்னூலார் வழியில் குழூஉக்குறி என்கிறோம். அங்கே மாறுவது முழுச்சொல். மறையெழுத்தில் எழுத்து எழுத்தாக மாறும். ஓர் எழுத்துக்குப் பதில் அகரவரிசையில் எத்தனை இடம் தள்ளியுள்ள எழுத்தை வைப்பது என்ற இரகசிய எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'கீ'. சாவி என்று எழுதுகிறார்கள். நாங்கள் வீட்டுக் கதவுக்கே திறப்பு என்கிறவர்கள், இதற்கும் திறப்பே போதும்.

சரி, செய்நிரலுக்கு வருவோம். யூலியஸ் சீசர் எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதினார். தமிழில் அதைச் செய்ய, எழுத்தின் ஒருங்குறி எண்ணோடு 3ஐக் கூட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். 'க'வின் எண் 2965, அடுத்த 'ங' 2969. இடையில் வெற்றிடம். 'க'வோடு 3ஐக் கூட்டினால் 2968. அங்கே எழுத்தே இல்லை, திரையில் பெட்டிதான் தெரியும். அதனால் க முதல் ன வரை 18 மெய்களையும் நம் வரிசையில் ஒரு சரமாக எழுதிவைத்து, எழுத்து நிற்கும் இடத்தோடு 3ஐக் கூட்டி, 18ஆல் வகுத்த மீதியை எடுக்கவேண்டும். இடத்தை 0 முதல் எண்ணவேண்டும். சைபர் இங்கேயும் வந்துவிட்டது. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தொடாமல் விடலாம். மறைநீக்கத்துக்குக் கூட்டுவதற்குப் பதில் கழித்தால் சரி.

இப்படி 'வன்னி'யைப் போட்டால் 'றச்சி' வரும். இறைச்சிக் கடைக்காரர் சந்தோஷப்படுவார். 'மாங்குளம்' 'லாட்ஞுகல்' ஆகும்.

இது பிள்ளைகளின் 'க' பாஷையைவிடக் கொஞ்சம்தான் கெட்டி. 17 திறப்புகளையும் போட்டுப் பார்த்தால் விடை வந்துவிடும். அதுகூட வேண்டாம், தமிழ் இலக்கணமே காட்டிக்கொடுக்கும்: 'ற' சொல்லுக்கு முதலில் வராது, ஆகவே 'றச்சி' மறையெழுத்து என்று பார்த்தவுடன் தெரியும். எழுத்துகளைக் கண்டபடி கலைத்து மாற்றினாலும், எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பிடிக்கலாம். 9ஆம் நூற்றாண்டில் பக்தாத்தில் அல் கிந்தி என்ற அறிஞர் எழுதிவைத்த வழி அது. சிஃப்ர் என்ற சொல்லைத் தந்த அதே அரபுக்காரர்தான் மறையெழுத்தை உடைக்கும் வழியையும் தந்தார்கள்.

வகுப்பில் விளையாடிப் பார்க்க 9ஐத் திறப்பாக வைக்கலாம். 18இல் பாதி என்பதால் இரண்டாம் முறை கூட்டினாலே பழைய எழுத்து வந்துவிடும். மறைநீக்கத்துக்குத் தனிச் செய்நிரல் எழுதவேண்டியதில்லை.